ஓடுகிற சர்வரை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: கோவையில் பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லா வேலைக்கும் நான் ஒருத்திதான். எங்களிடம் ஐந்து சர்வர்கள் உள்ளன, எல்லாம் 2014, 2015-ல் வாங்கியவை. நான்கில் சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஓடுகிறது. ஒன்றில் பிஎச்பி மொழியில் எழுதிய ஈஆர்பி (நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்துக்கான மென்பொருள்), ஒன்றில் அதன் டேட்டாபேஸ், ஒன்றில் எல்லோருக்கும் பொதுவான ஃபைல்கள், ஒன்றில் வெப்சைட். சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் கடையும்) மெஷின்களும் அந்த ஃபைல் சர்வரிலிருந்துதான் புரோகிராம் எடுக்கின்றன. ஐந்தாவதில் விண்டோஸ் சர்வர் 2016 இருக்கிறது, டேலிக்காக. சென்ட்ஓஎஸ் 7-க்கு சப்போர்ட் முடிந்துவிட்டது என்று படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் சப்ளை செய்பவர் புதிதாக வந்த உபுண்டுவைப் போடலாம் என்கிறார். கல்லூரித் தோழி டெபியன் என்கிறாள். இன்னொருவர் காசு கொடுத்து ரெட் ஹேட் வாங்குங்கள் என்கிறார். முதலாளியோ, "ஓடுறதை ஏம்மா தொடறே?" என்கிறார். எதைப் போட்டால் பல வருடம் நிம்மதியாக இருக்கலாம்? — ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் முதலாளியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணமும், வேலையை நிறுத்தி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தர வேண்டியவர் அவர். அவர் மனதுக்கு விளங்காவிட்டால் நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது உங்கள் நோட்டுப் புத்தகத்தைத் தாண்டாது.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூன் 30-ஆம் தேதி சென்ட்ஓஎஸ் 7-ன் ஆயுள் முடிந்தது. ஜூலை 1-ஆம் தேதி காலையில் உங்கள் சர்வர்கள் வழக்கம்போல ஓடின. சத்தம் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, வேகமும் குறையவில்லை. மாறியது ஒன்றுதான்: அன்றிலிருந்து அந்த ஓஎஸ்ஸில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தர ஆள் இல்லை. சில நாளில் அப்டேட் எடுக்கும் சர்வர் முகவரியையும் மூடிவிட்டார்கள். இப்போது நீங்கள் அப்டேட்டுக்கான யம் கட்டளை கொடுத்தால், அப்டேட் தரும் சர்வர்களின் மிரர் பட்டியல் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். பழைய பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) காப்பகத்தில் கிடைக்கின்றன. புதிதாக ஒன்றும் அங்கே வந்து சேராது.

"பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லையே" என்று அவர் சொல்லக்கூடும். 2022 ஜனவரி 25-ல் பாலிசிகிட் என்ற சின்ன நிரலில் ஒரு ஓட்டை வெளியானதை அவரிடம் சொல்லுங்கள். சர்வரில் சாதாரண யூசராக நுழைந்த யாரும் அதை வைத்து நொடிப்பொழுதில் ரூட், அதாவது சர்வரின் முழு அதிகாரம் உள்ளவர், ஆகிவிடலாம். அந்தத் தப்பு 2009-லேயே எழுதப்பட்டது. கிட்டத்தட்ட பன்னிரண்டரை வருடம் உலகம் முழுக்க லினக்ஸ் சர்வர்களில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதாவது, ஒரு மென்பொருள் பழசாகிவிட்டதால் அதன் ஓட்டைகள் தீர்ந்துபோவதில்லை. அவை ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருக்கும். 2022-ல் சென்ட்ஓஎஸ் 7 உயிரோடு இருந்ததால் நமக்குப் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்தது. இன்றைக்கு அப்படி ஒன்று வெளிவந்தால் உங்களுக்கு வராது.

சரி, எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்ட்ஓஎஸ் 7 முடிந்த மறுநாளே, 2024 ஜூலை 1-ல், தொலைவிலிருந்து சர்வருக்குள் லாகின் செய்ய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. உங்கள் சர்வர்களை அது பாதிக்கவில்லை. அந்தத் தப்பு 8.5 பதிப்பில்தான் நுழைந்தது, சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பதோ 7.4. பழசாக இருந்ததே அந்த ஒரு தடவை காப்பாற்றியது. அடுத்த தடவையும் அப்படியே அமையும் என்று நம்பி நிறுவனத்தின் கணக்கையும் சம்பளத்தையும் வைத்திருக்க முடியாது.

முதலாளிக்கு அவர் தொழிலிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இருபது வருடப் பழைய பம்பு ஒன்று தோட்டத்தில் நன்றாக ஓடுகிறது. ஆனால் அதற்கு இம்பெல்லரும் சீலும் செய்கிறவர் யாரும் இல்லை. அதை நம்பி ஒரு விவசாயி பத்து ஏக்கர் கரும்பு வைப்பாரா? இந்தக் கேள்விக்கு என்னைவிட அவருக்கு நன்றாகப் பதில் தெரியும்.

இன்னொன்றையும் அவர் காதில் போட்டு வையுங்கள். நம் நாட்டில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, சர்வருக்குள் ஊடுருவல் போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அது பெரிய ஐடி கம்பெனிகளுக்கு மட்டுமான உத்தரவு என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனியாகப் பதிவு செய்த எந்த நிறுவனத்துக்கும் அது பொருந்தும். ஆயுள் முடிந்த ஓஎஸ்ஸை வைத்துக்கொண்டு அந்த 6 மணி நேரத்தை எதிர்கொள்வது மிகவும் கஷ்டம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரும் மூன்று பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள். நான் பெயரைக் கடைசியில் பார்ப்பேன். ஓட்டை வந்தால் பேட்ச் தரப்போவது யார், எந்தத் தேதி வரை தருவார்கள், ராத்திரி ஒரு மணிக்கு அதைப் போடப்போவது யார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்றாவதற்கு உங்கள் இடத்தில் பதில் தெரிந்ததே: நீங்கள்தான். அதனால் நீங்கள் பத்து வருடமாகப் பழகிய வழக்கத்துக்குப் பெரிய மதிப்பு இருக்கிறது. கட்டளைகள், ஃபைல்கள் இருக்கும் இடம், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல் முறைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். அதை இலவசமாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சப்ளை செய்பவர் "புதிதாக வந்தது" என்று சொன்ன இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உபுண்டு ஏப்ரல், அக்டோபர் என்று வருடத்துக்கு இரண்டு பதிப்பு வெளியிடுகிறது. அவற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரலில் வருவதுதான் எல்டிஎஸ் எனப்படும் நீண்ட கால ஆதரவுப் பதிப்பு: 22.04, 24.04 போன்றவை. அவற்றுக்கு ஐந்து வருட ஆதரவு. மற்றவற்றுக்கு ஒன்பதே மாதம். யாரோ ஒருவர் அன்றைக்குப் புதிதாக இருந்ததைப் போட்டுவிட்டுப் போக, ஒரு வருடத்துக்குள் ஆதரவு இல்லாமல் நிற்கும் சர்வர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்டிஎஸ்ஸிலும் ஒரு விஷயம் உண்டு. உபுண்டுவின் மெயின் என்ற தொகுப்பில் உள்ள பேக்கேஜ்களுக்குத்தான் அந்த ஐந்து வருட உறுதி. யுனிவர்ஸ் தொகுப்பில் உள்ள ஆயிரக்கணக்கானவற்றுக்கு அதே உறுதி வேண்டுமானால் உபுண்டு புரோ சந்தா எடுக்க வேண்டும். அப்போது பத்து வருடம் வரை நீளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாங்குகிறவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சர்வரைப் பொறுத்தவரை புதுமையைக் கண்டு நான் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்வாசலை வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அது டெபியனின் சோதனைப் பதிப்புக்குள்ளும், ஃபெடோராவின் வளர்ச்சிப் பதிப்புக்குள்ளும் நுழைந்துவிட்டிருந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்குள் வரவில்லை, ரெட் ஹேட்டுக்குள் வரவில்லை. அங்கே பழைய எக்ஸ்இசட்தான் இருந்தது. நிலையான ஓஎஸ் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது: மென்பொருள்களின் பதிப்பை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்புக்கே தைத்துக் கொடுப்பார்கள்.

இந்தத் தையல் வேலைதான் நிறையப் பேரைக் குழப்புகிறது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். 2014 ஏப்ரலில், இணையத் தகவலை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வந்தது நினைவிருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1ஜி பதிப்பில் சரி செய்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். சென்ட்ஓஎஸ் 6-ல் அப்டேட் போட்டவர்கள் பார்த்தால், இன்னும் 1.0.1ஈ என்றே காட்டியது. பயந்துபோய்ச் சிலர் வெளியிலிருந்து மூலநிரலை இறக்கித் தாங்களே கட்டிப் போட்டார்கள். அதற்கு அவசியமே இருக்கவில்லை. திருத்தம் அந்த 1.0.1ஈ-க்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெளியீட்டு எண் மட்டும் மாறியது. தாங்களே கட்டிப் போட்டவர்களுக்கோ அதற்குப்பின் எந்த அப்டேட்டும் தானாக வரவில்லை. நாளைக்கு உங்களிடம் ஒரு ஆடிட்டரோ, வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கேனரோ "பதிப்பு பழசு" என்று சிவப்பாகக் காட்டினால் பதறாதீர்கள். அந்தப் பேக்கேஜின் மாற்றக் குறிப்பை எடுத்து, அதில் அந்த ஓட்டையின் அடையாள எண்ணான சிவிஇ எண் இருப்பதைக் காட்டினால் போதும். நல்ல ஆடிட்டர்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

சென்ட்ஓஎஸ்ஸுக்கு என்ன ஆனது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அடுத்து எடுக்கப்போகிற முடிவு அதில்தான் நிற்கிறது. ரெட் ஹேட் விற்கும் ஓஎஸ்ஸின் மூலநிரலை எடுத்து, பெயரை மட்டும் நீக்கி, அச்சு அசலாகக் கட்டிக் கொடுத்ததுதான் சென்ட்ஓஎஸ். 2014-ல் அந்தத் திட்டமே ரெட் ஹேட்டின் குடைக்குள் போனது. 2019 செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தபோது 2029 வரை ஆயுள் என்று எல்லோரும் கணக்குப் போட்டோம். 2020 டிசம்பர் 8-ல், அது 2021 டிசம்பர் 31-லேயே முடியும் என்று அறிவிப்பு வந்தது. எட்டு வருடத் திட்டம் ஒரு வருடமாகச் சுருங்கியது. 7-ஐ மட்டும் சொன்ன தேதி வரை நடத்தினார்கள். நீங்கள் 8-க்குப் போகாமல் 7-லேயே இருந்ததால் அந்த அடியிலிருந்து தப்பித்திருக்கிறீர்கள்.

அந்த வெற்றிடத்தில் இரண்டு திட்டங்கள் பிறந்தன. 2021 மார்ச் இறுதியில் ஆல்மாலினக்ஸ் வந்தது. அதே வருடம் ஜூனில் ராக்கி லினக்ஸ் வந்தது. ராக்கி என்ற பெயர், சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மறைந்த ராக்கி மெகாவின் நினைவாக வைத்தது. 2023 ஜூன் 21-ல் ரெட் ஹேட் தன் மூலநிரலைப் பொதுவில் வைப்பதைச் சுருக்கிக்கொண்டபோது இரண்டும் இரண்டு வழியில் போயின. ராக்கி, அச்சு அசலாகவே இருப்போம் என்று வேறு வழிகளில் நிரலைப் பெற்றுக் கட்டுகிறது. ஆல்மா, ரெட் ஹேட்டுக்காகக் கட்டிய மென்பொருள் எங்களிடமும் அப்படியே ஓடும், ஆனால் ஒவ்வொரு வரியும் ஒன்றாக இருக்காது என்று முடிவு செய்தது. அந்தச் சுதந்திரத்தை அவர்கள் நல்ல விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது நேராக உங்கள் விஷயத்துக்கு வருகிறது.

உங்கள் சர்வர்கள் 2014, 2015-ல் வாங்கியவை. ரெட் ஹேட் தன் 8-ஆம் பதிப்பிலிருந்தே பழைய ரெய்டு கார்டுகள் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்குபவை) பலவற்றுக்கான டிரைவர் ஆதரவை நீக்கிவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் சர்வர் மாற்றப் போயிருந்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பழைய சர்வரை நிறுத்தி, டிஸ்க்குகளைக் கழற்றி, புதிய டிஸ்க்குகளை மாட்டி, இன்ஸ்டாலரை ஓட்டினால், டிஸ்க் ஒன்றுகூடத் தெரியவில்லை. பதினொரு மணி வரை கேபிளைச் சந்தேகித்தோம், டிஸ்க்கைச் சந்தேகித்தோம். கடைசியில்தான் அந்தக் கார்டுக்கு டிரைவரே இல்லை என்று புரிந்தது. பழைய டிஸ்க்குகளை அழிக்காமல் வைத்திருந்ததால் மதியத்துக்குள் மறுபடி மாட்டி, திங்கள் காலை ஷிப்டைக் காப்பாற்றினோம். முந்தின வாரமே ஒரு யுஎஸ்பியில் பூட் செய்து பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதிலிருந்து அதைச் செய்யாமல் நான் எந்தச் சர்வரையும் தொடுவதில்லை. 2024 மே மாதம் வந்த ஆல்மாலினக்ஸ் 9.4-ல் இப்படி நீக்கப்பட்ட பழைய கார்டுகள் பலவற்றுக்கான ஆதரவைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆகவே என் பதில்: உங்கள் நான்கு லினக்ஸ் சர்வர்களுக்கும் ஆல்மாலினக்ஸ் 9. பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 மே 31 வரை வரும். காசு இல்லை. கட்டளைகளில் யம் என்பது டிஎன்எஃப் ஆகியிருக்கும், பழைய பெயரும் வேலை செய்யும். ராக்கி 9-ஐப் போட்டாலும் நான் தடுக்க மாட்டேன், அதன் தேதியும் அதுவே. உங்கள் ஹார்டுவேரின் வயதுதான் என்னை ஆல்மா பக்கம் சாய்க்கிறது.

10 வந்துவிட்டதே, ஏன் 9 என்று கேட்பீர்கள். ரெட் ஹேட் 10, ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உள்ள பிராசசரைக் கேட்கிறது. இன்டெல்லில் அது 2013-ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில் தொடங்கியது. 2014-ல் விற்ற சர்வர்களில் அது உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்து அந்தச் சொல் வருகிறதா என்று பாருங்கள். ஆல்மா, பழைய பிராசசர்களுக்காகத் தனியாக ஒரு 10-ஐயும் கட்டித் தருகிறது. ஆனால் உங்கள் ஈஆர்பியையே 7-லிருந்து நகர்த்த வேண்டியிருக்கும்போது, பலர் நடந்து பழகிய 9-ன் பாதைதான் உங்களுக்குச் சுலபம். 8-க்குப் போக வேண்டாம், அது 2029 மே மாதத்தோடு முடிகிறது. அப்புறம் பெயரில் ஒரு பொறி உண்டு. யாராவது "சென்ட்ஓஎஸ் 9 இருக்கே" என்று சொன்னால், அது சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் 9. ரெட் ஹேட்டின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னால் ஓடும் வேறொரு பொருள், ஆயுளும் 2027 மே வரைதான்.

உங்கள் தோழி சொன்ன டெபியன் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1993-லிருந்து தன்னார்வலர்கள் நடத்தும் திட்டம், எந்தக் கம்பெனியும் ஒரு அறிவிப்பில் அதை நிறுத்திவிட முடியாது. மூன்று வருட முழு ஆதரவும் இரண்டு வருட நீண்ட கால ஆதரவுமாக ஐந்து வருடம் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 2030 வரை. ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு அதே இடத்தில் ஏறுவதும் டெபியனில் எளிது. நீங்கள் டெபியன் தெரிந்தவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்லியிருப்பேன். பத்து வருட சென்ட்ஓஎஸ் பழக்கம் உள்ள ஒருத்தி, தனியாளாக, ஈஆர்பி மாற்றத்தோடு சேர்த்து இன்னொரு குடும்பத்தின் பழக்கவழக்கத்தையும் கற்க வேண்டும் என்பதுதான் என் தயக்கம்.

காசு கொடுத்து வாங்கும் ரெட் ஹேட் எப்போது தேவை? நீங்கள் ஓட்டும் மென்பொருளை விற்றவர், இந்த ஓஎஸ்ஸில் ஓடினால்தான் போனை எடுப்பேன் என்றால் தேவை. எஸ்ஏபி ஹானா, ஆரக்கிள் டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு ரெட் ஹேட், சூசே போன்ற சான்றிதழ் பெற்ற ஓஎஸ்களே வேண்டும், ஆல்மாவும் ராக்கியும் அந்தப் பட்டியலில் இல்லை. அல்லது, நீங்கள் ஒரு மாதம் விடுப்பில் போனால் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி நினைத்தால் தேவை. இந்த இரண்டாவதை அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். ஐந்து சர்வருக்கும் ஒரே ஒருத்தி என்பது, எந்த ஓஎஸ்ஸைப் போட்டாலும் தீராத அபாயம். சந்தா வாங்காவிட்டாலும், லினக்ஸ் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரை வருட ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

டேலி சர்வரை லினக்ஸுக்கு மாற்றும் ஆசை வேண்டாம். டேலி விண்டோஸுக்காக எழுதியது, அதை அங்கேயே விடுங்கள். ஆனால் விண்டோஸ் சர்வர் 2016-க்கும் 2027 ஜனவரி 12 கடைசி நாள். 2022 பதிப்புக்கு 2031 அக்டோபர் 14 வரை இருக்கிறது. பட்ஜெட் போடும்போது, லைசென்ஸ் பிராசசர் கோர் கணக்கில் வரும், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர், அதோடு பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக சிஏஎல் என்ற அனுமதி லைசென்ஸ் என்பதை மறக்காமல் சேருங்கள். மேற்கோளில் சிஏஎல் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

இனி மாற்றும் வேலை. 7-லிருந்து அதே இடத்தில் 8-க்கும் பிறகு 9-க்கும் ஏற்றிவிட எலிவேட் என்ற கருவி இருக்கிறது, ஆல்மா திட்டத்தினர்தான் செய்தது. சின்ன சர்வர்களில் நன்றாகவே வேலை செய்கிறது. இருந்தாலும் பத்து வருடமாக ஒட்டுப் போட்ட சர்வர்களில் நான் அதைப் பயன்படுத்த மாட்டேன். புதிய டிஸ்க்கில் புதிதாக நிறுவி, டேட்டாவை மட்டும் கொண்டு வருவேன்.

வெப்சைட்டிலிருந்து தொடங்குங்கள். வெளியுலகத்தைப் பார்த்து நிற்பது அதுதான், ஆபத்தும் அதற்குத்தான் அதிகம், மாற்றுவதும் சுலபம்.

அடுத்து ஃபைல் சர்வர். இங்கே ஒரு விஷயம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. லினக்ஸ் ஃபைல் சர்வரை விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு பேசவைக்கும் சாம்பா என்ற மென்பொருளில், 4.11-லிருந்து எஸ்எம்பி1 என்ற பழைய பேச்சுமுறை தானாக மூடப்பட்டிருக்கும். சென்ட்ஓஎஸ் 7-ல் இருந்த சாம்பா அதற்கு முந்தியது, அதனால் யாரோடும் பேசியது. உங்கள் சிஎன்சி மெஷின்களில் எக்ஸ்பி காலத்து கண்ட்ரோலர் ஏதாவது இருந்தால், மாற்றிய மறுநாள் புரோகிராம் எடுக்க முடியாமல் நிற்கும். ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷினும் அப்படியே. எல்லோருக்குமாக எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடாதீர்கள். அந்த மெஷின்களுக்கு மட்டும் தனி நெட்வொர்க்கில் ஒரு சின்ன ஃபைல் சர்வர் வைத்து, அதில் மட்டும் பழைய முறையை அனுமதியுங்கள். சனிக்கிழமை ஷிப்டில் கடைசல் பிரிவுக்குப் போய், ஒவ்வொரு மெஷினும் எப்படி ஃபைல் எடுக்கிறது என்று நேரில் பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்தது உங்கள் ஆவணங்களில் இருக்காது.

பெரிய வேலை ஈஆர்பி. சென்ட்ஓஎஸ் 7-ல் வந்த பிஎச்பி 5.4. ஆல்மா 9-ல் பிஎச்பி 8. அந்தக் காலத்தில் எல்லோரும் டேட்டாபேஸைத் தொடர்புகொள்ள எழுதிய மைஎஸ்க்யூஎல் கனெக்ட் குடும்பத்துக் கட்டளைகள் பிஎச்பி 7-லேயே, அதாவது 2015 டிசம்பரிலேயே, நீக்கப்பட்டுவிட்டன. உங்கள் ஈஆர்பி அவற்றை வைத்து எழுதப்பட்டிருந்தால் புதிய சர்வரில் முதல் பக்கமே வராது. எழுதிக் கொடுத்தவர்களை இந்த வாரமே அழைத்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். மாற்றி எழுத ஆறு மாதம் என்றால், அந்த ஆறு மாதமும் ஈஆர்பியும் அதன் டேட்டாபேஸும் உள்ள சர்வர்களுக்கு இன்டர்நெட் தொடர்பைத் துண்டித்து, அலுவலகத்துக்குள்ளிருந்து மட்டும் திறக்கும்படி வையுங்கள். சென்ட்ஓஎஸ் 7-க்குக் காசு வாங்கிக்கொண்டு தொடர்ந்து பேட்ச் தரும் வெளி நிறுவனங்களும் இருக்கின்றன. வேலை முடியும் வரையான குடையாக அதை வாங்கலாம், வீடாக நினைத்துத் தங்கிவிடக் கூடாது.

டேட்டாபேஸை நகர்த்தும்போது தமிழ் எழுத்துகளைக் கவனியுங்கள். பழைய மைஎஸ்க்யூஎல், மரியாடிபி டேபிள்கள் தானாகவே லத்தீன்1 எழுத்துமுறையில் உருவாகும். அதற்குள் தொழிலாளர் பெயரும் ஊரும் தமிழில் போட்டிருந்தால், பழைய ஈஆர்பியில் சரியாகத் தெரியும், ஏற்றி இறக்கிய பிறகு கேள்விக்குறிகளாகவோ கிறுக்கலாகவோ மாறும். ஒரு டேபிளை மட்டும் முதலில் கொண்டுவந்து தமிழ்ப் பெயர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். சம்பளப் பட்டியலில் பெயர் சிதைந்துபோய் வருவது ஒரு தொழிலாளிக்கு அவமானமாக இருக்கும்.

புதிய சர்வர்களில் டிஎன்எஃப் ஆட்டோமேட்டிக்கைப் போட்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும்படி வையுங்கள். மாதம் ஒரு ஞாயிறு ரீபூட் செய்யுங்கள், கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) திருத்தங்கள் அதற்குப் பிறகுதான் உயிர்பெறும். வெளி ரெப்போக்களை (மென்பொருள் களஞ்சியங்களை) எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறீர்களோ அவ்வளவு நல்லது, 2032 என்ற தேதி அவற்றுக்குப் பொருந்தாது. ஆல்மாவுக்குள்ளேயே வரும் பிஎச்பி, டேட்டாபேஸ் பதிப்புகள் சிலவற்றுக்கும் ஓஎஸ்ஸைவிடக் குறைந்த ஆயுள்தான். நிறுவும் அன்றே அந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி, முதலாளி அறையில் மெஷின் சர்வீஸ் தேதிகள் தொங்கும் பலகையிலேயே ஒட்டிவிடுங்கள். அவர் அதை வாசித்துப் பழகியவர்.

இதற்கெல்லாம் முன்னால், வருகிற சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஈஆர்பி டேட்டாபேஸின் பேக்கப்பை எடுத்து, உபயோகத்தில் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றி, போன மாதத்து இன்வாய்ஸ் ஒன்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓஎஸ் பற்றிய பேச்சை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள். இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஆல்மா 9-ஐ நிறுவிப் பார்க்கத் தொடங்கலாம். ரெய்டு கார்டின் மாடலையும், எல்எஸ்சிபியு காட்டும் பிராசசர் பெயரையும் எழுதி அனுப்புங்கள். எந்தச் சர்வரை வைத்துக்கொள்ளலாம், எதை இரும்புக்குப் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.